பின்கட்டில் நாற்பத்தெட்டு நாள்

மூன்று மாதமா? பிள்ளையை மூன்று மாதத்துக்கா உங்கள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்? அப்படி யார் சொன்னார்கள்? இங்கே சொன்னார்களா, நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா? வேண்டாம், கண்ணைத் திறக்காதீர்கள். சொட்டு மருந்து விட்டால் பாவை விரிகிறவரை மூடித்தான் இருக்கவேண்டும். நானும் மூடிக்கொண்டுதான் பேசுகிறேன். சிஸ்டர் அடுத்த சொட்டு விட வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. அதற்குப் பிறகு இன்னொரு பத்து நிமிஷம். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

நீங்கள் போனில் உங்கள் அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் இரண்டு கண்ணையும் மூடிவிட்டு உட்கார வைத்தால் காது என்ன செய்யும்? அடுத்த வாரம் கண்ணில் தட்டு வைக்கப்போகிறார்கள், அதில் கதிர்வீச்சு இருக்கிறது, பிள்ளைக்கு நான்கு வயது, அதனால் மூன்று மாதத்துக்கு அவன் உங்கள் கிட்டே வரக்கூடாது. இவ்வளவும் கேட்டேன். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் சரி. கடைசித் தப்பை நான் உங்களுக்கு முன்பே, உங்களைவிட ஒழுங்காக, நாள் குறித்துச் செய்து முடித்தவள். அதனால் சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு.

என் பெயர் பிரமநாயகி. பாளையங்கோட்டை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். நிலத்தின் நான்கு எல்லையும் சரியாக எழுதாத பத்திரம் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. பத்திரம் படித்துப் படித்து என் பேச்சே பத்திரம் மாதிரி ஆகிவிட்டது என்று என் தம்பி சைலப்பன் சொல்வான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். பார்த்தால் மரியாதை தெரிந்தவராகத் தெரிகிறீர்கள். பார்த்தால் என்றா சொன்னேன்? கண்ணை மூடிக்கொண்டு. சரி, போகட்டும்.

எனக்கு இது வந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. எப்படித் தெரிந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வாரம் ஏழு பத்திரங்களைத் திருப்பி அனுப்பினேன். ஓரத்தில் கறை இருக்கிறது, வேறு தாளில் எழுதிக் கொண்டுவரவும் என்று. ஏழு பேரும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். "எங்கம்மா கறை?" என்று ஒருவர் கேட்டார். "உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றேன். எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்பது எட்டாவது பத்திரத்தில்தான் எனக்கே தெரிந்தது. ஏனென்றால் எட்டாவது ஆளின் சட்டையிலும் அதே இடத்தில் அதே கறை இருந்தது.

வலது கண்ணுக்குள், பின்சுவரில், ஒரு கட்டி. மச்சம் மாதிரிதான், ஆனால் நல்ல மச்சம் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். உங்களுக்கும் இதையே சொல்லியிருப்பார். சின்ன வயதுக்காரர். சோடா பாட்டில் மூடி அளவில் ஒரு தட்டு, அதன் உள்பக்கத்தில் கதிர்வீச்சு. ஆபரேஷன் செய்து அதைக் கண்ணின் வெள்ளைப்பகுதிமேல், கட்டி இருக்கிற இடத்துக்கு நேர் பின்னால், வைத்துத் தைத்துவிடுவார்கள். ஐந்து நாள் அங்கேயே இருக்கும். பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள். வலி ஒன்றும் பிரமாதமாக இருக்காது. கண்ணுக்குள் ஒரு சோற்றுப்பருக்கை கிடந்து உறுத்துகிற மாதிரி இருக்கும். பெரிய பருக்கை. சரி, பொய் சொல்வானேன்? வெந்தும் வேகாத பருக்கை.

சேர்க்கும்போதே கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். தட்டு கண்ணில் இருக்கும்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நோயாளியின் அறைக்குள் வரக்கூடாது, மற்றவர்கள் ஆறடி தள்ளி நிற்கவேண்டும் என்று போட்டிருந்தது. அந்தத் தாளைப் பதினோரு முறை படித்தேன். ஊரார் எழுதிய பத்திரத்தில் ஒரு சொல்லை விடாதவள், 'தட்டு கண்ணில் இருக்கும்வரை' என்பதை மட்டும் பதினோரு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன். என் கண் நின்றதெல்லாம் 'கர்ப்பிணிகள்' என்ற இடத்தில்.

ஏனென்றால் வீட்டில் ஆவுடை இருந்தாள். ஆவுடைச்செல்வி, சைலப்பனின் பெண்சாதி. தாலுகா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம். அதற்குள் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வளைகாப்புக்கு நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் வீட்டு வழக்கத்தில் முதல் வளையலை நாத்தனார்தான் போடவேண்டும். அவளுக்கு இருக்கிற ஒரே நாத்தனார் நான். அந்த ஆறு வருஷமும் வாய்விட்டுச் சொன்னதில்லை; ஆனால் அந்த வளையலைப் போடுவதைத் தவிர எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, அதனால் பாதகமில்லை.

ஐந்து நாள் முடிந்து தட்டை எடுத்துவிட்டார்கள். ரயிலில் வரும்போது நான் யோசித்தேன். என் யோசனையை வரிசையாகக் கேளுங்கள், ஒரு ஓட்டை இருக்காது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணத்தை எடுத்த நிமிஷத்திலேயே தீட்டுப் போய்விடுகிறதா? இல்லை. எங்களில் பதினாறு நாள் காக்கிறோம். ஆகவே, ஒன்றை எடுத்துவிடுவதால் அதன் தீட்டுப் போய்விடுவதில்லை. நாள் போனால்தான் போகும். சாவுத் தீட்டுக்கே பதினாறு நாள் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் சுவரைத் துளைத்துப் போகிற கதிருக்கு எத்தனை நாள்? பதினாறை மூன்றால் பெருக்கினேன். நாற்பத்தெட்டு. ஒரு மண்டலமும் ஆயிற்று. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததும் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. எதிர்ப் படுக்கையில் இருந்தவர், "என்னம்மா, தனியாச் சிரிக்கீங்க?" என்று கேட்கிற அளவுக்குத் திருப்தி. வளைகாப்பு முப்பத்து மூன்றாம் நாளில் விழுகிறது என்பது கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றது. ஆவுடை ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். நான் இறங்கவே இல்லை. "ஆவுடை, உள்ளே போ! கதவைச் சாத்து!" என்று ஆட்டோவுக்குள்ளிருந்தே கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"எதுக்கு மதினி?" என்றாள்.

"கதிர்!"

"தட்டைத்தான் எடுத்தாச்சுல்லா? பொறவு எங்கயிருந்து வரும் கதிர்?"

"நாற்பத்தெட்டு நாளைக்கு வரும்."

சைலப்பன் ஆட்டோவின் மறுபக்கம் பையோடு நின்றுகொண்டு, "ஆஸ்பத்திரில அப்படி ஒண்ணும் சொல்லலியே, யக்கா" என்றான். "அவர்கள் சொல்லமாட்டார்கள். நாமாகத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்" என்றேன். நான் வீட்டுக்குள்ளேயே நுழையாமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டு அறைக்குப் போய்விட்டேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். வடக்கே கிணறு, தெற்கே துவைகல், கிழக்கே முருங்கைமரம், மேற்கே அடுக்களையின் பின்வாசல். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். நாற்பத்தெட்டு நாளைக்கு என் அனுபவ பாத்தியதை. மறுநாள் சுண்ணாம்புக்கட்டி எடுத்து வாசலிலிருந்து ஆறடி அளந்து ஒரு கோடு போட்டேன். சாப்பாட்டைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டுப் போய்விடவேண்டும். ஆள் போன பிறகு நான் எடுத்துக்கொள்வேன். தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. என் துணி தனிக்கொடி.

முதல் நாளே ஆவுடை கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள்: "மதினி, மூணு மணிக்கு வெயில் நேரா கட்டில்மேல வரும். இப்பவே தெக்கே தள்ளிப் போட்டுக்கோங்க. ஜன்னல்ல மூணாவது கம்பி ஆடும், புடிச்சு எந்திரிக்காதீங்க. முருங்கைல கம்பளிப்பூச்சி கட்டுத மாசம், துணியை உதறி உடுத்துங்க."

எவ்வளவு விவரமான பெண், பாருங்கள்! அந்த அறையைப் பற்றி எனக்கே இவ்வளவு தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணமாகி வந்த புதிதில் மாதம் மூன்று நாள் அவள் அங்கேதான் இருப்பாள். அது எங்கள் அம்மா காலத்து வழக்கம். நான் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. பாயையும் தம்ளரையும் எடுத்து அங்கே வைத்தேன், அவ்வளவுதான். புதிதில் என்றால் ஒரு நான்கு வருஷம் இருக்கும்.

எக்ஸ்ரே எடுக்கிறவள் அல்லவா, சும்மா இருப்பாளா? கோட்டுக்கு அப்பால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வாதம் செய்வாள். அவள் கண்ணில் என் கண் படக்கூடாது என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். இருவரும் பேசுவோம், நான் சுவரோடு, அவள் என் முதுகோடு.

"மதினி, ரூமுல லைட்டை அணைச்சாச்சு. பொறவு வெளிச்சம் எங்கயிருந்து வரும்?"

"கூந்தலிலிருந்து மல்லிகையை எடுத்த பிறகும் மணம் இருக்கத்தானே செய்கிறது?"

"இது பூவா மதினி?"

"நீ எழுந்து உள்ளே போ. கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறாய்?"

"கோட்டுமேலேதான் உக்காந்திருக்கேன்."

நான் பதறிப்போய்த் திரும்புவேன். எங்கே, இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள். என்னைத் திரும்பிப் பார்க்க வைப்பதற்காகச் சொல்கிற பொய். திரும்பினால் சிரிப்பாள். இரண்டு ஆவுடை சிரிப்பார்கள்.

ஆமாம், இரண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்போது நீங்கள் பயப்படமாட்டீர்கள். தட்டை வைக்கும்போது கண்ணை அசைக்கிற தசை ஒன்றைக் கழற்றி மறுபடி தைத்தார்கள். எல்லோருக்கும் அப்படிச் செய்வார்கள் என்றில்லை. என் கட்டி இருந்த இடம் அப்படி. அது ஒட்டி நேராவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை எல்லாம் இரட்டை. கதவு இரண்டு. நான் மிகுந்த நிதானத்தோடு இல்லாத கதவைத் தேர்ந்தெடுத்துச் சுவரில் முட்டுவேன். தம்ளர் இரண்டு. தண்ணீரை ஊற்றினால் இரண்டுக்கும் நடுவில் போகும். ஒரு சைலப்பனையே திருத்த முடியாமல் முப்பது வருஷம் போராடியிருக்கிறேன், காலையில் இரண்டு சைலப்பன் வந்து நின்று, "காப்பி குடிச்சியா, யக்கா?" என்று கேட்டால் என் நிலைமை என்ன?

கண் சிவந்து, நீர் வற்றி, மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. இமை முடி கொட்ட ஆரம்பித்தது. அங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன். கதிர் பட்ட முடியாயிற்றே, காற்றில் பறந்து அடுக்களைக்குப் போய்விட்டால்? ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்தேன். இருபத்து மூன்று முடி. மறுபரிசோதனைக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிடுவதாக ஏற்பாடு.

வந்துவிட்டாரா சிஸ்டர்? விடுங்கள் அம்மா, இடது கண்ணுக்கும் விடுங்கள். இந்த அம்மாவுக்கு எரியும், இன்னும் பழகவில்லை. எரிகிறதா? எண்ணிக்கொண்டே இருங்கள், முப்பதில் நின்றுவிடும்.

என்ன கேட்டீர்கள்? பார்வையா? பார்வையைப் பற்றி நான் சொல்லக்கூடாது. உங்கள் கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. டாக்டரம்மாவிடம் கேளுங்கள். என் கதையை மட்டும் சொல்கிறேன். கட்டி சுருங்கி அப்படியே கிடக்கிறது. அது நல்ல செய்தி. முதல் வருஷம் பார்வை இருந்தது. இரண்டாவது வருஷத்தில் பனி விழுந்த மாதிரி ஆயிற்று. கட்டியைக் கொன்ற கதிர், கண்ணுக்குள் இருக்கிற நல்ல ரத்தக்குழாய்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடுமாம். அவை கசியும். கசியாமல் இருக்கக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். நினைத்தால்தான் பயம், போட்டால் ஒன்றுமில்லை. எட்டு ஊசி ஆயிற்று. இப்போது வலது கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினால் எத்தனை விரல் என்று சொல்வேன். யார் விரல் என்று சொல்லமாட்டேன். ஒற்றைக் கண்ணால் பத்திரம் பார்க்கிறேன். எல்லை எதுவும் தப்பவில்லை. பஸ் ஏறும்போது படி மட்டும் நான் நினைத்த இடத்தில் இருப்பதில்லை. அதற்குப் படியைத்தான் குற்றம் சொல்கிறேன்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். இருபதாம் நாள் லோகா சித்தி வந்தாள். என்னைப் பார்க்க வந்ததாகத்தான் பேச்சு. கிணற்றடியில் நின்று ஆவுடையின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. "ரெண்டு தடவை தங்காத வயிறு. இவ கண்ணும் இப்படி ஆயிருக்கு. கண்ணுப் படாம இருக்கணும்னா இவ பின்கட்டுல கிடக்கதே நல்லதுதான். வளைகாப்பு அன்னைக்கும் அங்கயே இருந்துக்கிடட்டும்" என்றாள்.

எனக்கு வருத்தமே இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பில்லாத பேச்சு. என் கண்ணிலிருந்து கதிர் வருகிறது என்று நானே சொல்லிக்கொண்டிருக்கும்போது, சித்தியும் தனக்குத் தெரிந்த வார்த்தையில் அதையே சொல்லிவிட்டுப் போகிறாள். அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தொடாதது வெயிலால். அதற்குப் பிறகு கறுப்புக்கண்ணாடியை அறைக்குள்ளும் கழற்றாமல் இருந்தது பாதுகாப்புக்காக. ஆவுடை நாற்காலி போட வந்தால் ஜன்னலைச் சாத்தியது, காற்று.

முப்பதாம் நாள் மறுபரிசோதனை. சைலப்பன்தான் அழைத்து வந்தான். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். நான் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதை எந்தப் பிரிவில் ஒப்படைக்கவேண்டும்?" என்று கேட்டேன்.

திறந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"இமை முடி. இருபத்து மூன்று."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, தட்டை எடுத்த நிமிஷமே எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்ககிட்ட இருந்து ஒண்ணும் வராது. அன்னைக்கே நீங்க யாரை வேணும்னாலும் தொட்டிருக்கலாம், தூக்கியிருக்கலாம். வீட்டுல யாராவது மாசமா இருக்காங்களா?"

"இருக்கிறாள்."

"ஒரு மாசமாத் தள்ளியா இருந்தீங்க?"

"முப்பது நாள்" என்றேன்.

தீப்பெட்டியை அவரே குப்பைக்கூடையில் போட்டார்.

இப்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஊருக்குப் போனதும் இவள் கோட்டை அழித்துவிட்டு அடுக்களைக்குள் போயிருப்பாள் என்றுதானே? போகவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனேன். மழையில் மங்கியிருந்த கோட்டைச் சுண்ணாம்புக்கட்டியால் மறுபடி அழுத்திப் போட்டேன். ஏன் என்றால், நாற்பத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். நடுவில் முப்பது என்று மாற்றினால் என் வார்த்தைக்கு வீட்டில் என்ன மதிப்பு? அந்த ஒரே காரணம்தான். சித்தி சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதை யாரிடமும் நான் சொல்லவில்லை. கேட்டால் பொய் சொல்லமாட்டேன். ஆனால் யாரும் கேட்கவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் காலை, வீடு நிறைய ஆட்கள். நான் ஜன்னலில் இருந்துகொண்டு நிர்வாகம் செய்தேன். சந்தனக்கிண்ணத்தை இடப்பக்கம் வைக்காதே, பன்னீர்ச்செம்பு எங்கே, புளியோதரையை முதலில் எடுத்து வை. ஒருவரும் கேட்கவில்லை. லோகா சித்தியின் மகள் முதல் வளையல் போடுவதாக நானே ஏற்பாடு சொல்லி அனுப்பியிருந்தேன். உள்ளே ஸ்பீக்கரில் நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதை நிறுத்தினார்கள்.

அடுக்களைப் பின்வாசலில் ஆவுடை நிற்கிறாள். மாம்பழக் கலர்ப் பட்டு, தலை நிறையப் பூ, கன்னத்தில் சந்தனம். எனக்கு இரண்டு ஆவுடை. இரண்டு மாம்பழப் பட்டு. பின்னால் சித்தி, ஆவுடையின் அம்மா, பெண்கள் எல்லோரும் இரண்டிரண்டாக. அவள் நேரே வந்தாள். கோட்டுக்கு முன்னால் நிற்பாள் என்று பார்த்தேன். கோடு என்று ஒன்று இருப்பதாகவே அவள் பார்க்கவில்லை. சேலைக்கரை அதை அழித்துக்கொண்டே வந்தது. என் வாசற்படியில் வந்து நின்றாள்.

"சபையில உக்கார வச்சிட்டாங்க. மொத வளையல் போட ஆளைக் காணும்" என்றாள்.

"சித்தி மகள் இருக்கிறாளே."

"அவ எனக்கு நாத்தனாரா?"

"இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, ஆவுடை. தள்ளிப் போ."

அவள் குரலைத் தாழ்த்தினாள். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது. "டாக்டரம்மா சொன்னதை உங்க தம்பி கதவுப்பக்கம் நின்னு கேட்டாங்க. தீப்பெட்டி வரைக்கும் கேட்டாங்க. அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. நீங்களா வருவீங்கன்னு மூணு நாளாப் பாத்துக்கிட்டிருந்தோம், மதினி."

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பத்திரதாரரும் என்னை இப்படிப் பிடித்ததில்லை.

"இந்தப் படியில உக்காந்து, யாராவது உள்ள வான்னு கூப்புட மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தவ நான். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

எதைச் சொன்னாள் என்று எனக்கு அப்போது சரியாகப் பிடிபடவில்லை. விசேஷ வீட்டுச் சத்தம். இப்போதும் முழுக்கப் பிடிபட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த அறையில் இப்போது பழைய பேப்பரும் தேங்காய் மட்டையும் கிடக்கின்றன. போட்டு வைக்க இடம் வேண்டியிருந்தது, அதனால்.

"என் கண் நன்றாக இல்லை, ஆவுடை" என்றேன். அதைத்தான் சொல்ல வந்தேனா என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"கண்ணா வளையல் போடப் போகுது? கையைக் கொண்டாங்க, மதினி" என்றாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

இரண்டு கையை நீட்டினால் எனக்கு எத்தனை? நான்கு. அவளுடைய அம்மா தாம்பாளத்தைக் கொண்டுவந்து பிடித்தாள். நான் ஒரு பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்தேன். நான்கு கைகளையும் ஆராய்ந்தேன். ஒவ்வொன்றிலும் மருதாணி, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். ஆதாரங்களைச் சீர்தூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மிகவும் நிதானமாக அதில் மாட்டிவிட்டேன்.

வளையல் நேரே கீழே போய்ப் படிக்கல்லில் விழுந்து உடைந்தது.

லோகா சித்தி, "ஐயையோ!" என்றாள். உங்களுக்குச் சொல்லவேண்டுமா, வளைகாப்பில் முதல் வளையல் உடைந்தால் பெண்கள் முகம் எப்படி ஆகும் என்று? அதுவும் இரண்டு முறை தங்காத வயிற்றுக்கு, கண் கெட்ட நாத்தனார் கையால். குழந்தை மூன்று கிலோவில் சுகமாகப் பிறந்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மூச்சு மாறுகிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது தெரியாதே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் திரும்பினேன். வழக்கப்படி, இல்லாத கதவுப்பக்கம்.

ஆவுடை உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கினாள். "அது சுவருக்குப் போட்டது. இப்ப எனக்குப் போடுங்க" என்றாள். யாரோ ஒரு பெண் பின்னால் சிரித்தாள். அதைக் கேட்டு இன்னொருத்தி.

"எது உன் கை என்று தெரியவில்லை" என்றேன்.

"கண்ணை மூடிக்கோங்க, மதினி."

கறுப்புக்கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். இப்போது நாம் மூடியிருக்கிற மாதிரிதான். கையை நீட்டினேன். என் கைக்குள் ஒரு கை வந்தது. ஒன்றுதான். சூடாக இருந்தது, சந்தனப் பிசுக்கு. டாக்டரம்மாவின் கையுறையையும் ரயிலில் என்னைப் பிடித்து ஏற்றிய சைலப்பனின் முழங்கையையும் கணக்கில் சேர்க்காவிட்டால், முப்பத்து மூன்று நாளில் நான் தொட்ட முதல் கை. வளையலை விரல்களில் நுழைத்தேன். முட்டி வரைக்கும் போயிற்று.

அதற்குமேல் ஏறவில்லை. ஏழாம் மாதம் அல்லவா, அவளுக்குக் கை வீங்கியிருந்தது. அவசரப்பட்டால் அதுவும் உடைந்துவிடும். மெதுவாக அமுக்கி அமுக்கித்தான் ஏற்றவேண்டியிருந்தது. அதனால்தான் அந்தக் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.